கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று: நான்கு நாள் பயணக் குறிப்புகள்

முதல் நாள்

ரயில் கிளம்பி ஒரு மணி நேரம் ஆகிறது. பெட்டி முழுக்க எங்கள் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளின் சத்தம்தான். 22 பேர். ஒருவர் சொல்லி முடிப்பதற்குள் இன்னொருவர் பிடித்துக்கொள்கிறார். ஜன்னலோர இருக்கை யாருக்கு என்று ஒரு பெண் ஐந்து நிமிடம் வாதாடினாள். காரணத்துக்கு மேல் காரணமாக அடுக்கினாள், எதிரில் இருந்தவன் சொன்னதை எடுத்து அவன் மேலேயே திருப்பினாள், கடைசியில் இடத்தையும் வாங்கிவிட்டாள். போன மாதம் இதே பெண்ணை வகுப்புக்கு முன்னால் நிறுத்தி இரண்டு நிமிடம் பேசச் சொன்னேன். "மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களே, என் அருமை நண்பர்களே" என்றாள். அதற்கு மேல் ஒரு சொல் வரவில்லை. காது மடல் சிவக்க, போய் உட்கார்ந்துவிட்டாள்.

அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போவது புதிதில்லை. வரிசையில் நடப்பார்கள், விளக்க அட்டையைப் பார்த்து நோட்டில் எழுதுவார்கள், வந்து கட்டுரை கொடுப்பார்கள். இந்த முறை கட்டுரை கிடையாது. நான்காம் நாள் காலை ஒவ்வொரு பிள்ளையும் தான் தேர்ந்தெடுத்த காட்சிப் பொருளுக்குப் பக்கத்தில் நின்று, அங்கு வருகிற பொதுமக்களுக்கு அதைப் பற்றி இரண்டு நிமிடம் பேச வேண்டும். அருங்காட்சியகத்தார் அனுமதி கொடுத்திருக்கிறார்கள்.

இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு பேச்சுப் போட்டிக்கு ஒரு பையனைத் தயார் செய்தேன். ஐந்து நிமிடப் பேச்சை நானே எழுதிக் கொடுத்தேன். வரி பிசகாமல் மனப்பாடம் செய்தான். மேடையில் நடுவே ஒரு சொல் நழுவியது. அடுத்த வரியும் அதோடு போய்விட்டது. மைக்குக்கு முன்னால் அவன் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அவன் தொலைத்தது என் சொற்களை. அவன் கண்ணால் பார்த்தது, அவனுக்கே தோன்றியது என்று அந்தப் பேச்சில் ஒரு வரிகூடக் கிடையாது. தடுமாறியபோது அவன் பிடித்துக்கொள்ள அதில் எதுவுமே இல்லை.

பிள்ளை பேசும்போது பக்கத்தில் ஒரு பொருள் இருந்தால் எப்படி இருக்கும் என்று அப்போதிலிருந்து யோசித்துக்கொண்டே இருந்தேன். கேட்பவர்கள் பாதி நேரம் அந்தப் பொருளைப் பார்ப்பார்கள். எல்லாக் கண்ணும் பிள்ளையின் முகத்திலேயே குத்தி நிற்காது. சொல் மறந்தாலும் பொருள் எங்கேயும் போய்விடாது. திரும்பிப் பார்த்தால் அடுத்து என்ன சொல்வது என்று அதுவே காட்டிக்கொடுக்கும்.

இரவு விளக்கை அணைப்பதற்கு முன்னால் ஒரு கதை சொன்னேன். கிரேக்கக் கவிஞர் சிமோனிடிஸ் ஒரு விருந்துக்குப் போயிருந்தார். வெளியே யாரோ தேடுகிறார்கள் என்று சொல்ல, எழுந்து வந்தார். அந்த நேரத்தில் கூரை இடிந்து விழுந்து உள்ளே இருந்த எல்லாரும் இறந்துபோனார்கள். யார் உடல் எது என்று உறவினர்களுக்கே அடையாளம் தெரியவில்லை. யார் எந்த இடத்தில் உட்கார்ந்திருந்தார்கள் என்பதை மனதில் ஓட்டிப் பார்த்து, அவர்தான் ஒவ்வொருவராகச் சொன்னாராம். இடத்தோடு சேர்த்து வைத்த நினைவு அழியாது என்று அவர் அப்படித்தான் கண்டுகொண்டார் என்பது ரோமானியப் பேச்சாளர் சிசரோ எழுதி வைத்த கதை. பழைய காலத்துப் பேச்சாளர்கள் நீண்ட பேச்சை ஒரு கட்டடமாக நினைத்துக்கொள்வார்கள். ஒவ்வொரு அறையிலும் ஒரு செய்தியை வைத்துவிட்டு, பேசும்போது மனதுக்குள் அறை அறையாக நடந்து போவார்கள்.

"அப்போ நாளைக்கு நாம போறது பெரிய ஞாபகப் பெட்டியா டீச்சர்?" என்றான் மேல் படுக்கையில் இருந்த ஒருவன். ஆமாம் என்றேன்.

இரண்டாம் நாள்

பிள்ளைகளின் பெயர்களை இங்கே எழுதப் போவதில்லை. யார் எந்தப் பொருளைத் தேர்ந்தெடுத்தார்களோ அந்தப் பெயரால் சொல்கிறேன். இன்று மாலைக்குள் அவர்களே ஒருவரை ஒருவர் அப்படித்தான் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

காலையில் வாசலிலேயே ஒரு நிபந்தனை சொன்னேன். மதியம் வரைக்கும் விளக்க அட்டையைப் படிக்கக் கூடாது. நோட்டும் பைக்குள்ளேயே இருக்கட்டும். கண்ணால் மட்டும் பார்க்க வேண்டும்.

நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் பார்வையாளர்கள் ஒரு ஓவியத்தின் முன்னால் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்று கணக்கெடுத்த ஆய்வு ஒன்று 2001இல் வந்தது. சராசரி 27 நொடி. பாதிப் பேர் 17 நொடிக்கு மேல் நிற்கவில்லை. இதைச் சொன்னதும், "அவ்வளவுதானா!" என்று பிள்ளைகள் சிரித்தார்கள். சரி, நீங்கள் எப்படி என்று பார்க்கலாம் என்று அறிவியல் ஆசிரியர் கைக்கடிகாரத்தோடு முதல் கூடத்தில் ஓரமாக நின்றுகொண்டார். பெரும்பாலானோர் பத்து நொடியைத் தாண்டவில்லை. அதைச் சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை.

அப்புறம் எல்லாரையும் யானை மண்டையோட்டின் முன்னால் தரையில் உட்கார வைத்தேன். பத்து நிமிடம். முதல் இரண்டு நிமிடம் நெளிந்தார்கள். மூன்றாவது நிமிடத்துக்கு மேல் ஒருவர் பின் ஒருவராக எழுந்து பக்கவாட்டில் போய்ப் பார்த்தார்கள், குனிந்து கீழ்த்தாடையைப் பார்த்தார்கள். நான் கேட்டது மூன்றே கேள்விதான். இங்கே என்ன நடக்கிறது? எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய்? இன்னும் என்ன தெரிகிறது? ஓவியங்களைப் பார்க்கப் பழக்குவதற்காக அபிகெய்ல் ஹௌசன், பிலிப் யெனவைன் என்ற இருவர் வகுத்த முறை இது. எலும்புக்கும் நன்றாகவே பொருந்துகிறது.

"டீச்சர், நெத்தியில ஒரே ஒரு பெரிய கண்ணு" என்றான் ஒருவன்.

எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய்?

"நடுவுல பெரிய ஓட்டை இருக்கே."

இன்னும் என்ன தெரிகிறது? அவன் பக்கவாட்டில் போனான். இரண்டு புறமும் தந்தம் தொடங்குகிற இடத்துக்கு மேலே ஒரு குழிவு இருந்தது. திரும்பி முன்னால் வந்து நின்றான். கொஞ்ச நேரம் எதுவும் சொல்லவில்லை. "கண்ணு அங்க இருக்கு. அப்போ நடுவுல இருக்கறது..." என்று தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். தும்பிக்கையில் எலும்பு கிடையாது, அதனால் எலும்புக்கூட்டில் தும்பிக்கை இருந்த இடம் வெறும் ஓட்டையாகத்தான் நிற்கும் என்று யாரும் அவனுக்குச் சொல்லித்தரவில்லை. அந்த நிமிடமே மண்டையோடு அவனுடையதாகிவிட்டது. நாளை மறுநாள் அவன் எதைச் சொல்லித் தொடங்குவான் என்பது எனக்கு அங்கேயே தெரிந்துவிட்டது.

மதியத்துக்குப் பிறகு கால் வலி, சோர்வு. இதற்கு 'அருங்காட்சியகச் சோர்வு' என்றே பெயர் உண்டு. பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் வேலை செய்த பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன் 1916இல் இதைப் பற்றி எழுதினார். பெட்டியின் அடித்தட்டில் வைத்ததைப் பார்க்க ஒருவர் எப்படியெல்லாம் குனிய வேண்டியிருக்கிறது என்று படம் எடுத்தே காட்டினார். காட்சிப் பொருளுக்குப் பக்கத்தில் நின்று விளக்கிச் சொல்வதற்கென்று ஆட்களை வைக்கும் வழக்கம் 1907இல் அங்கே வந்ததற்கும் அவர்தான் காரணம். இந்த இரண்டும் ஒரே மனிதருக்குத் தோன்றியதில் எனக்கு ஆச்சரியமில்லை. நல்ல விளக்குநர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் கால் வலி பாதியாகக் குறைந்துவிடுகிறது.

மாலைக்குள் தேர்வு முடிந்தது. ஜன்னலோரப் பெண் பாடம் செய்து வைத்த கூகையை எடுத்துக்கொண்டாள். இன்னொருத்திக்கு ஊதுகுழல் வைத்த போனோகிராப் என்ற பழைய ஒலிப்பதிவுக் கருவி. சுருள் ஓடு கொண்ட பழங்காலக் கடல் உயிரான அமோனைட்டின் புதைபடிவத்துக்கு இரண்டு பேர் போட்டி போட்டார்கள். ஒரே பொருளை இருவரும் வேறு வேறு மாதிரி பார்க்கலாம் என்று இருவருக்கும் கொடுத்துவிட்டேன். கற்காலக் கைக்கோடரி, தந்திக் கருவி, ஒரே செய்தியை எகிப்தியப் படக் குறிகளிலும் கிரேக்கத்திலும் பொறித்த ரொசெட்டா கல்லின் வார்ப்பு நகல் என்று பட்டியல் நீண்டது.

ஒரு பையன் மட்டும் எதையும் எடுக்கவில்லை. வகுப்பில் வருகைப்பதிவுக்குக்கூடக் கையை மட்டும்தான் தூக்குவான். அவனைத் தேடிப் போனபோது, பானைகளும் உலோகப் பாத்திரங்களும் இருந்த கூடத்தின் மூலையில் ஒரு பெட்டியின் முன்னால் நின்றுகொண்டிருந்தான். பெட்டி காலி. உள்ளே நீலத் துணி விரித்த ஒரு மேடையும் சிறிய அட்டை ஒன்றும். 'பராமரிப்புக்காக எடுக்கப்பட்டுள்ளது.' அவ்வளவுதான் எழுதியிருந்தது.

"இதுல ஒண்ணும் இல்லையேப்பா" என்றேன்.

"இருக்கு டீச்சர்" என்றான்.

வேறு எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மூன்றாம் நாள்

இன்றுதான் உண்மையான வேலை. இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும்.

காலையில் விளக்க அட்டைகளைப் படிக்க அனுமதித்தேன். அருங்காட்சியக நூலகத்தில் ஒன்றரை மணி நேரமும் கிடைத்தது. நோட்டில் மூன்று கட்டம் போடச் சொன்னேன்: நான் கண்டது, நான் படித்தது, நான் நினைப்பது. மூன்றும் ஒன்றோடொன்று கலக்கக் கூடாது. பேசும்போது மூன்றும் வரலாம், ஆனால் எது எந்தக் கட்டத்தைச் சேர்ந்தது என்று கேட்பவருக்குத் தெரிய வேண்டும். 'பார்த்தேன்', 'படித்தேன்', 'நினைக்கிறேன்' என்ற வினைச்சொற்களே அதைச் செய்துவிடும். பிள்ளைகளின் பேச்சில் பொய்யான கம்பீரம் போய் நேர்மை வந்தது இந்த மூன்று சொற்களால்தான் என்று நினைக்கிறேன். முழுப் பேச்சை எழுத யாருக்கும் அனுமதியில்லை. ஒரு துண்டுச் சீட்டில் ஐந்து சொற்கள், அவ்வளவுதான்.

அப்புறம் ஜோடி ஜோடியாகப் பிரித்தேன். ஒருவர் பேச ஒருவர் கேட்க வேண்டும். ஒரே ஒரு ஆள்தானே என்பதால் பயம் இல்லை. முடிந்ததும் ஜோடி மாற்றினோம். ஒவ்வொரு பிள்ளையும் தன் பொருளைப் பற்றி மதியத்துக்குள் நான்கு பேரிடம் தனித்தனியாகச் சொல்லியிருந்தது. நான்காவது முறை சொல்லும்போது யார் பேச்சும் முதல் முறை சொன்னது போல இல்லை. தேவையில்லாதது உதிர்ந்து, கேட்டவர் கண் விரிந்த இடம் முன்னால் வந்திருந்தது. இதை நான் சிவப்பு மை வைத்துத் திருத்தியிருந்தால் ஒரு மாதம் பிடித்திருக்கும்.

கூகைக்காரி முதல் முறை "ஆந்தை ஓர் இரவுப் பறவை" என்று தொடங்கினாள். நான்காவது முறை எதிரில் இருந்தவளிடம், "உன் கழுத்தை எவ்வளவு தூரம் திருப்ப முடியும், திருப்பு பார்க்கலாம்" என்றாள். அவள் திருப்பினாள், தோளோடு நின்றுவிட்டது. "உன் கழுத்துல 7 எலும்பு. ஒட்டகச்சிவிங்கிக்கும் 7தான். இதுக்கு 14. கண்ணை உருட்ட முடியாது, அதனால கழுத்தையே திருப்புது." அடுத்து அந்த இதய வடிவ முகத்தைக் காட்டினாள். ஒலியைக் காதுக்குத் திருப்பி அனுப்புகிற தட்டு மாதிரி அது வேலை செய்கிறது, இரண்டு காதும் ஒரே உயரத்தில் இல்லை, அதனால்தான் கும்மிருட்டிலும் எலி எந்தப் பக்கம், எவ்வளவு கீழே என்று அதற்குத் தெரிகிறது என்றாள். ஜன்னலோர இருக்கைக்கு வாதாடிய அதே குரல்.

மதியத்துக்கு மேல் குழுக்கள், ஒருவர் பேச நால்வர் கேட்க வேண்டும். இப்போது கூடத்துக்குள்ளேயே, நின்றுகொண்டு, குரல் எடுத்துப் பேச வேண்டும். இங்கேதான் எதிர்பாராத ஆசிரியர் ஒருவர் கிடைத்தார். அந்தக் கட்டடமேதான். கல் தரை, உயரமான கூரை, துணியோ திரையோ இல்லாத சுவர். பேசினால் ஒலி உடனே அடங்காது. வேகமாகப் பேசினால் முந்தைய சொல்லின் மீதே அடுத்த சொல் விழுந்து எல்லாம் கஞ்சியாகிவிடும். "மெதுவாப் பேசு, நிறுத்தி நிறுத்திப் பேசு" என்று வகுப்பில் நான் எத்தனை முறை சொல்லியிருப்பேன்! இங்கே அந்தச் சுவர்கள் இரண்டே நிமிடத்தில் சொல்லிக்கொடுத்துவிட்டன. தன் குரல் திரும்பி வருவதைக் கேட்டுவிட்டு, அது அடங்குகிற வரைக்கும் பொறுத்து, பிறகு அடுத்த வாக்கியத்துக்குப் போனார்கள்.

போனோகிராப்காரிக்குக் குரல் மெல்லியது. இரண்டடிக்கு மேல் எட்டாது. அவள் பொருளே அவளுக்கு உதவியது. எடிசன் 1877இல் செய்த முதல் கருவியில் உருளையின் மேல் தகரத் தாளைச் சுற்றி, அதில் ஊசி கீறிய தடத்தில்தான் குரல் பதிந்தது. மின்சாரம் கிடையாது. பிறகு வந்த ஊதுகுழல் கருவிகளும் அப்படித்தான். பேசுகிறவரின் மூச்சுக் காற்று கிளப்புகிற அதிர்வுதான் ஊசியைத் தள்ள வேண்டும். மைக் வைத்து மின்சாரத்தால் பதிவு செய்த இசைத்தட்டு பரவலாக விற்பனைக்கு வந்தது 1925இல்தான். "அப்போ அதுவரைக்கும் எல்லாரும் இந்தக் குழலுக்குள்ள குரலைத் தள்ளணும்" என்றாள். தள்ளிக் காட்டு என்றேன். தயங்கினாள். குழலிலிருந்து நான்கடி தள்ளி நின்று, தொண்டையை இறுக்காமல் வயிற்றிலிருந்து மூச்செடுத்து, "ஊசி கீறுது!" என்றாள். கூடத்தின் மறுகோடியில் இருந்த காவலர் திரும்பிப் பார்த்தார். அவள் முகத்தில் வந்த வியப்பை நான் எழுத்தில் கொண்டுவர முடியாது. அந்தக் குரல் தன்னிடம் இருப்பது அவளுக்கே தெரிந்திருக்கவில்லை.

நிற்கும் முறைக்கு ஒரே ஒரு விதி வைத்தோம். பார், திரும்பு, பேசு. பொருளைப் பார்க்கும்போது பேசாதே. திரும்பி ஒருவர் கண்ணைப் பார்த்த பிறகு வாயைத் திற. பொருளை மறைத்துக்கொண்டு நிற்காதே, அதன் தோள் பக்கம் நில். இந்த விதியினால் பேச்சுக்கு நடுவே இயல்பாகவே இடைவெளி விழுகிறது. அந்த நேரத்தில் கேட்பவரும் பொருளைப் பார்த்துக்கொள்கிறார்.

மாலையில் எல்லாரும் தங்கும் விடுதியின் கூடத்தில் உட்கார்ந்தோம். நாளைக்குப் பயமாக இருக்கிறவர்கள் கை தூக்குங்கள் என்றேன். 22 கைகளும் உயர்ந்தன. அறிவியல் ஆசிரியரும் தூக்கினார், நானும் தூக்கினேன்.

இரண்டு விஷயங்கள் சொன்னேன். ஹார்வர்டில் அலிசன் வுட் புரூக்ஸ் செய்த ஆய்வு 2014இல் வெளிவந்தது. பேசப் போவதற்கு முன்னால் "அமைதியாக இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டவர்களைவிட "உற்சாகமாக இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டவர்கள் நன்றாகப் பேசியிருக்கிறார்கள். நெஞ்சு படபடப்பது இரண்டு நிலையிலும் ஒன்றுதான். படபடப்பை அடக்கப் பார்ப்பது கடினம், அதற்கு வேறு பெயர் வைப்பது எளிது. இரண்டாவது, சாவிட்ஸ்கி, கிலோவிச் என்ற இரு உளவியலாளர்கள் 2003இல் எழுதியது. நம் நடுக்கம் எல்லாருக்கும் தெரிகிறது என்று பேசுகிறவர் நினைப்பார், பார்க்கிறவருக்கு அவ்வளவு தெரியாது. இதை முன்கூட்டியே சொல்லி அனுப்பியவர்கள் மற்றவர்களைவிட நன்றாகப் பேசினார்கள்.

சொன்னால் மட்டும் நம்புவார்களா? சோதித்தோம். மதியம் பேசிய ஒவ்வொருவரையும், எந்த இடத்தில் நடுங்கினாய் என்று ஒரு தாளில் எழுதச் சொன்னேன். கேட்ட நால்வரும் தனியாக, இவர் எங்கே நடுங்கினார் என்று எழுத வேண்டும். தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். கைக்கோடரிக்காரன், "ஆரம்பத்திலிருந்து கடைசி வரைக்கும் முழங்கால்" என்று எழுதியிருந்தான். நால்வரில் ஒருவர்கூட முழங்காலைக் கவனிக்கவே இல்லை. ஒருத்தி, "கோடரியைக் கையில் பிடிப்பது போல் காட்டியபோது எனக்கே பிடிக்க ஆசையாக இருந்தது" என்று எழுதியிருந்தாள். அவன் அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

காலிப் பெட்டிக்காரன் ஜோடிகளிலும் பேசினான், குழுவிலும் பேசினான். நான் அந்தப் பக்கம் போகவில்லை. நான் வந்தால் நிறுத்திவிடுவானோ என்று எனக்குத்தான் பயம்.

நான்காம் நாள்

கதவு திறந்ததும் ஒரு பெரிய குடும்பம், இரண்டு கல்லூரி மாணவர்கள், கைத்தடியோடு ஒரு வயதான அம்மா, அப்புறம் வேறொரு பள்ளியின் சிறு பிள்ளைகள் ஐம்பது பேர் உள்ளே வந்தார்கள். பிள்ளைகள் அவரவர் இடத்தில் நின்றார்கள். கழுத்தில் ஓர் அட்டை: 'இதைப் பற்றி என்னிடம் கேளுங்கள்.' கூப்பிட்டு நிறுத்தக் கூடாது, வந்து கேட்டால்தான் பேச வேண்டும் என்பது ஏற்பாடு.

முதல் பத்து நிமிடம் யாரும் கேட்கவில்லை. என் வயிறு கலங்கியது. அந்தக் குடும்பத்தில் ஒரு குழந்தை யானை மண்டையோட்டைக் காட்டி, "அம்மா, ஒத்தக் கண்ணு பூதம்!" என்றது. மண்டையோட்டுக்காரன் முகம் மலர்ந்ததே! "நானும் முந்தாநாள் அப்படித்தான் நினைச்சேன்" என்று தொடங்கினான். குழந்தையைப் பக்கவாட்டுக்கு அழைத்துப் போய்க் கண் குழியைத் தேடச் சொன்னான். பிறகு கடைவாய்ப் பல்லுக்கு வந்தான். யானைக்கு வாழ்நாளில் கடைவாய்ப் பற்கள் ஆறு முறை மாறி மாறி வருகின்றன. நம்மைப் போல அடியிலிருந்து முளைத்து வருவதில்லை. பின்னாலிருந்து முன்னால் மெல்ல நகர்ந்து வந்து, தேய்ந்த பல்லைத் தள்ளிவிடுகின்றன. ஆறாவதும் தேய்ந்துவிட்டால் யானையால் மெல்ல முடியாது. அப்போது குழந்தையின் அப்பா ஒரு கேள்வி கேட்டார்: "இந்த யானைக்கு எத்தனையாவது பல்லு?" அவன் திரும்பிப் பல்லைப் பார்த்தான். ஐந்தாறு நொடி அமைதி. "அது எனக்குத் தெரியலைங்க. ஆனா பாருங்க, முன்னாடி இருக்கறது தேய்ஞ்சு வழுவழுன்னு இருக்கு, பின்னாடி இருக்கறதுல வரிவரியா மேடு தெரியுது. அப்போ பின்னாடி இருக்கறது புதுசுன்னு நினைக்கிறேன்." அந்த அப்பாவும் குனிந்து பார்த்தார். போட்டி மேடையில் அந்த ஐந்து நொடி அமைதிக்கு மதிப்பெண் குறைத்திருப்பார்கள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு கூடத்திலும் குரல் கேட்கத் தொடங்கியது. நான் மூச்சு விடாமல் ஓடி ஓடிக் கேட்டேன். எல்லாவற்றையும் எழுத முடியாது. அமோனைட் இருவரில் ஒருத்தி அதன் அறைகளை எண்ணிக் காட்டி, அந்த உயிர் எப்போதும் கடைசி அறையில்தான் வாழும், வளர வளரப் பழைய அறைக்கு ஒரு சுவர் எழுப்பிவிட்டு முன்னால் வந்துவிடும் என்றாள். மற்றவன் அதை ஆட்டுக் கொம்பிலிருந்து தொடங்கினான். எகிப்தின் ஆமோன் தெய்வத்துக்கு ஆட்டுக்கடாக் கொம்பு, அந்தக் கொம்பின் சுருளைப் போல இருப்பதால் வந்த பெயர் இது என்று சொல்லிவிட்டு, 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் டைனோசர்கள் அழிந்தபோது இவையும் போய்விட்டன என்று முடித்தான். ரொசெட்டாக்காரன் கல்லூரி மாணவர்களிடம் மாட்டிக்கொண்டான். 1799இல் கிடைத்த கல்லைப் படிக்க 1822 வரை ஏன் ஆனது, கிரேக்கம்தான் தெரியுமே என்று மடக்கினார்கள். படக் குறிகள் வெறும் படங்கள் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள், அவற்றில் ஒலியும் இருக்கிறது என்று பிரெஞ்சு அறிஞர் ஷாம்போலியன் கண்டுகொண்ட பிறகுதான் பூட்டு திறந்தது என்று வியர்க்க வியர்க்க விளக்கினான். கொஞ்சம் உளறினான். ஆனால் ஓர் அடிகூடப் பின்னால் போகவில்லை.

கைக்கோடரிக்காரனுக்கு ஐம்பது சிறு பிள்ளைகளும் மொத்தமாகக் கிடைத்தார்கள். தொட்டுப் பார்ப்பதற்கென்று வைத்திருந்த நகலை ஒவ்வொரு கையிலும் கொடுத்து, எந்தப் பக்கம் பிடித்தால் வசதியாக இருக்கிறது என்று தேடச் சொன்னான். இந்த வகைக் கோடரியை மனித முன்னோர்கள் 17 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே செய்யத் தொடங்கிவிட்டார்கள் என்று அவன் சொன்னபோது அத்தனை பிள்ளைகளும் சத்தம் நின்று அவனைப் பார்த்தார்கள். முழங்கால் நடுங்கியதா என்று பிறகு கேட்டேன். "மறந்துட்டேன் டீச்சர்" என்றான்.

அமெரிக்காவின் ஆர்கன்சாஸ் மாநிலத்தில் 2011இல் கிரிஸ்டல் பிரிட்ஜஸ் என்ற கலை அருங்காட்சியகம் திறந்தபோது, பார்க்க விரும்பிய பள்ளிகள் இடத்தைவிட அதிகமாக இருந்ததால் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்தார்கள். போன பிள்ளைகளையும் போகாத பிள்ளைகளையும் ஒப்பிட்டுப் பார்த்ததில், அரை நாள் பயணமே ஒரு ஓவியத்தைக் கூர்ந்து பார்த்து எழுதும் திறனைக் கூட்டியிருந்தது. எங்களிடம் அப்படி ஒப்பிடுவதற்கு ஒன்றும் கிடையாது. என் காதுக்கு மட்டும் தெரிகிறது. நாலு நாளைக்கு முன்னால் கேட்ட குரல்கள் இவை இல்லை.

பதினொரு மணிக்கு மேல்தான் அந்த மூலைக்குப் போனேன். தூணுக்குப் பின்னால் நின்று கேட்டேன். கைத்தடி வைத்திருந்த அம்மாவும் இன்னும் ஏழெட்டுப் பேரும் காலிப் பெட்டியைச் சுற்றி நின்றார்கள்.

"இந்தத் துணி என்ன நிறம்?" என்று கேட்டான். வெளிர் நீலம் என்றார்கள். "நடுவுல பாருங்க." நடுவில் ஒரு வட்டம் மட்டும் ஆழ்ந்த நீலமாக இருந்தது. "துணி முழுக்க முதல்ல இந்த நிறம்தான். வெளிச்சம் பட்டுப் பட்டு வெளுத்துப் போச்சு. வட்டத்துக்குள்ள வெளிச்சம் படலை. அதனாலதான் துணி, காகிதம் இதெல்லாம் இருக்கற இடத்துல 50 லக்ஸுக்கு மேல வெளிச்சம் வைக்க மாட்டாங்க, பக்கத்துக் கூடம் இருட்டா இருக்கறது அதுக்குத்தான்." பிறகு வட்டத்தின் ஓரத்தில் சற்று நீண்டிருந்த ஒரு பிதுக்கத்தைக் காட்டினான். "இங்க ஏதோ ஒண்ணு வெளியே நீட்டிட்டு இருந்திருக்கு. மூக்கோ கைப்பிடியோன்னு நினைக்கிறேன். துணி அமுங்கி இருக்கு, அப்போ கனமானது. வட்டத்தோட ஓரம் கத்தி மாதிரி கூர்மையா இருக்கு. கொஞ்சம்கூடத் தள்ளி வைக்காம, வருஷக்கணக்கா ஒரே இடத்துல இருந்திருக்கு."

நிறுத்தினான். எல்லாரும் குனிந்து அந்த வட்டத்தைப் பார்த்தார்கள். அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். இரண்டு நிமிடம் தாண்டி நான்கு நிமிடம் ஆகியிருந்தது. நேரத்தை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், நிறுத்த மனம் வரவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு கையுறை போட்ட பெண் ஒருவர் அவனிடம் வந்தார். பராமரிப்புக் கூடத்தில் வேலை செய்கிறவராம். "நான் பின்னாடி நின்னு கேட்டேன் தம்பி. அதை எடுத்தது நாங்கதான். அங்க என்ன இருந்துச்சுன்னு சொல்லட்டுமா?"

அவன் பெட்டியைப் பார்த்தான். அடுத்த கூடத்திலிருந்து இன்னொரு கூட்டம் வந்துகொண்டிருந்தது.

"இவங்களுக்குச் சொல்லி முடிச்சப்புறம் சொல்லுங்கக்கா" என்றான். நகர்ந்து போய் மேடையின் தோள் பக்கம் நின்றுகொண்டான்.